சாக்பீஸ் கோட்டில் ஒரு நிலா வீடு

ரேடியோ: இரு, இரு. அப்படியே உள்ள வராத. முதல்ல வெளிக்கதவைச் சாத்து.

இன்ச்டேப்: எந்தக் கதவை? தரையில சாக்பீஸ் கோடு தான் இருக்கு.

ரேடியோ: நிலாவுல இருக்கோம். கதவு திறந்திருந்தா உள்ள இருக்கிற காத்தெல்லாம் போயிடும். வெளிக்கதவைச் சாத்திட்டுத்தான் உள்கதவைத் திறக்கணும்.

இன்ச்டேப்: ரெண்டு கதவு வேணும்னு வரைஞ்சதே நான். எனக்கே பாடம் எடுக்கிறியா?

ரேடியோ: வரைஞ்சது நீ. குடியிருக்கிறது நான். சாத்து.

இன்ச்டேப்: ...சாத்திட்டேன். போதுமா? அட்டையில செஞ்ச வீட்டுக்குள்ள நுழைய முடியாதேன்னு, இங்க முழு அளவுல வரைஞ்சேன் பாரு, என்னைச் சொல்லணும்.

ரேடியோ: தூசியைத் தட்டினியா? நிலாத் தூசி பொல்லாதது. ஒட்டினா விடாது.

இன்ச்டேப்: உன்னை மாதிரி.

ரேடியோ: ம்ம்... ம்ம்ம்...

இன்ச்டேப்: ஆரம்பிச்சுட்டான். இந்த முனகலுக்குத்தான் வகுப்பே உன்னை ரேடியோங்குது.

ரேடியோ: உன்னை இன்ச்டேப்புங்கிறாங்களே, அது மட்டும் பெருமையா? நான் வெட்டின அட்டையை ஒண்ணு விடாம மறுபடி அளக்குற.

இன்ச்டேப்: ஒழுங்கா வெட்டினா நான் ஏன் அளக்கப்போறேன்?

ரேடியோ: சரி தாயே. நாளைக்கு நிலா வீட்டுப் போட்டி, இன்னைக்குச் சண்டை வேணாம். ஆமா... சார் வர்றேன்னாரே, எதுக்குன்னு சொன்னாரா?

இன்ச்டேப்: என்கிட்டயா? எனக்கென்ன தெரியும். உன்கிட்ட ஏதாவது...

ரேடியோ: என்கிட்ட ஏன் சொல்லப்போறாரு.

இன்ச்டேப்: அதானே.

ரேடியோ: அதானே... ஏய், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். நம்மள்ல ஒருத்தர் விலகிட்டா இந்த வீடு என்ன ஆகும்?

இன்ச்டேப்: போட்டியில சேத்துக்க மாட்டாங்க. ரெண்டு பேரா வந்தாத்தான். ...ஏன் கேக்குற?

ரேடியோ: சும்மா தான்னு சொன்னேனே.

இன்ச்டேப்: வேலையைப் பாரு. உன் படுக்கை இங்க. என் படுக்கை அங்க. நடுவுல சுவர்.

ரேடியோ: இந்தச் சுவர் எப்ப முளைச்சுது? வரைபடத்துல இல்லையே.

இன்ச்டேப்: திங்கக்கிழமை.

ரேடியோ: திங்கக்கிழமையா...

இன்ச்டேப்: ஆமா. நீ பாட்டுப் பாடிக்கிட்டே வெட்டி, கூரையைக் குட்டையாக்கின அன்னைக்கு. மொத்தத்தையும் பிரிச்சு நான் தானே ஒட்டினேன்.

ரேடியோ: அதுக்கு எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கினியே, அதையும் சேத்துச் சொல்லு.

இன்ச்டேப்: ...கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். சரி, படு. படுத்துப் பாத்தாத்தான் அளவு சரியான்னு தெரியும்.

ரேடியோ: படுத்துட்டேன். காலு சுவரைத் தாண்டி உன் பக்கம் வருது.

இன்ச்டேப்: மடக்கு.

ரேடியோ: மாசக்கணக்கா மடக்கிட்டே கிடக்க முடியுமா? ஜன்னல் எங்க?

இன்ச்டேப்: உன் பக்கம் தான், இந்தா சாக்பீஸ், நீயே வரைஞ்சுக்க. ஜன்னல் ஜன்னல்னு உயிரை வாங்கினியே. கதிர்வீச்சு உள்ள வரக்கூடாதுன்னு கூரை மேல ஆளை மூடுற அளவுக்கு மண்ணைக் கொட்டுவாங்களாம், அதுல ஓட்டை போடுன்னு கேக்குற ஒரே ஆள் நீ.

ரேடியோ: கையகலம் தான் கேட்டேன். நிலாவுலேர்ந்து பாத்தா பூமி வானத்துல ஒரே இடத்துல நிக்கும். முழிச்சாலும் பூமி, தூங்கப்போனாலும் பூமி. நீயும் படுத்துப் பாரேன்.

இன்ச்டேப்: எனக்கு எங்க தெரியும்? சுவர் மறைக்குது.

ரேடியோ: யாரு கட்டினா?

இன்ச்டேப்: வாயை மூடு.

ரேடியோ: ...

இன்ச்டேப்: ...

ரேடியோ: ...

இன்ச்டேப்: என்ன, சத்தத்தையே காணோம்?

ரேடியோ: நீ தானே மூடச் சொன்ன.

இன்ச்டேப்: பேச்சைத்தான் சொன்னேன். பாட்டை இல்ல... அங்க வெளிய ஒரு சத்தமும் கேக்காது. உள்ளயும் இல்லாட்டி எனக்குப் பயமா இருக்கும்.

ரேடியோ: அடிப்பாவி. இப்ப ரேடியோ வேணுமாம்.

இன்ச்டேப்: சின்னதா. ...அந்த ஈரத்துணியை இங்க போடு.

ரேடியோ: எதுக்கு?

இன்ச்டேப்: சுவரை அழிக்கத்தான். தப்பா நினைக்காத. உன் காலு நீளம், அவ்வளவு தான். அட்டையில இருக்கிறதையும் பிச்சுடலாம்.

ரேடியோ: ...இப்ப பூமி தெரியுதா?

இன்ச்டேப்: தெரியுது. ஜன்னலைக் கொஞ்சம் கோணலா வரைஞ்சிருக்க.

ரேடியோ: அளந்துட்டியா அதுக்குள்ள?

சார்: என்ன, ரெண்டு பேரும் தரையில கிடக்கிறீங்க? நல்லதாப் போச்சு, ஒண்ணா இருக்கும்போதே கேட்டுடறேன். திங்கக்கிழமை ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து, வேற குழுவுக்கு மாத்திவிடுங்க சார்னு நின்னீங்களே. பக்கத்துக் குழுவுல ஒரே ஒரு இடம் காலியாயிருக்கு. யாரு வர்றீங்க?

ரேடியோ: ...நீயுமா?

இன்ச்டேப்: ...நீயுமா?

சார்: வாசல்லயே நிக்கிறேன். சட்டுனு சொல்லுங்க.

ரேடியோ: அது வந்து சார்... அன்னைக்கு ஏதோ கோவத்துல...

இன்ச்டேப்: கதவைச் சாத்துங்க சார். காத்து போகுது.