ஆமைக்குஞ்சுக்கு எதை விரிப்பது

கிளிநொச்சியிலிருந்து பளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் தேங்காய்த் தும்புத்தூள் நிரம்பிய பையொன்றை மடியில் அணைத்தபடி மற்றவரிடம் சொன்னார்:

“மண்ணைத் திண்டுபோட்டு நாலு நாளாய் வெளிக்குப் போகேல்லை, அக்கா.”

“ஆர், மகளின்ர பிள்ளையோ?”

“இல்லை, ஆமைக்குஞ்சு. ரெண்டு வளர்க்கிறம். சின்னவர்தான் பெட்டிக்குள்ள போட்ட மணலைத் திண்டிட்டார். மிருக வைத்தியர் மணலை உடன அள்ளச் சொன்னவர்.”

“உமியைப் போடுங்கோவன்.”

“போட்டனான். கண்ணுக்குள்ள பூந்திட்டுது.”

“பேப்பர்?”

“வழுக்குது. கால் கோணிப்போமாம்.”



“பழைய துவாய் ஒண்டை விரிச்சால்?”

“விரிச்சனான். நகம் மாட்டி நிண்ட இடத்திலயே நிக்குதுகள். ஆமையெண்டாலும் கொஞ்சமாவது நடக்க வேணுமெல்லோ? அதுதான் இந்தத் தும்புத்தூள். நனைச்சுப் பிழிஞ்சு போட வேணும். ஆனால் சின்னவர் தப்ப வேணுமே. எங்கட மனிசன் வயலுக்கும் போகாமல் அவரை இளஞ்சூட்டுத் தண்ணியில இருத்திக்கொண்டு இருக்கிறார்.”

ஆனையிறவு தாண்டும்போது அவருடைய போன் அடித்தது. காதில் வைத்தவர் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டார்.

“அக்கா! வெளிக்குப் போயிட்டுதாம்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“தண்ணிக்குள்ளயோ?”

“இல்லை, துடைக்கிறதுக்குத் தூக்கி மடியில வச்சவராம். உடுத்திருந்த சாரம் முழுக்க. மனிசன் சந்தோசத்தில அழுகுது.”