நாற்பது படி, எட்டுப் பேர்

"நில்லு. நில்லு. எவனும் அசையாதே."

பகல் மணி 12.21. முதல் மாடித் திருப்பம். எட்டுப் பேர் கையில் ஒரு மரப் பெஞ்சு. பெஞ்சின் மேல் சிவகுமார். நூற்று ஐம்பது கிலோவுக்கு மேல். சரியான எடை யாருக்கும் தெரியாது, நர்சிங் ஹோமின் எடைக்கருவி நூற்றைம்பதோடு நின்றுவிட்டது. அவர் மூக்கையும் வாயையும் மூடிய சுவாச முகமூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். என் முதுகில் ஆக்ஸிஜன் சிலிண்டர். கீழே ஜெனரேட்டர் உறுமுகிறது. இடப்பக்கப் பெல்ட் நழுவுகிறது. பெஞ்சு சாய்கிறது. அவர் தலை பின்னால் போகிறது.

அவர் விரலில் மாட்டிய கருவியின் ஒலி தடிக்கிறது. உடம்பில் ஆக்ஸிஜன் இறங்க இறங்க அந்த ஒலி தடித்துக்கொண்டே போகும். திரையைப் பார்க்கத் தேவையில்லை. காதே சொல்லிவிடும். 84. 79. 73.

அந்த நிமிடத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழி.

நான் ஸ்டெல்லா. ஆம்புலன்ஸ் செவிலி. சாதாரண ஆம்புலன்ஸ் இல்லை, உள்ளே வென்டிலேட்டர் வரை இருக்கும். சின்ன ஆஸ்பத்திரிகளில் தாங்காதவர்களைத் தூக்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பது எங்கள் வேலை. நிறைமாதக் கர்ப்பிணிகள். குறைமாதக் குழந்தைகள். டயாலிசிஸில் இருப்பவர்கள். மிகப் பருமனானவர்கள். பயிற்சியில் இவர்களைச் சிறப்பு நோயாளிகள் என்பார்கள். சிறப்பு என்றால் வேறொன்றுமில்லை. மற்றவர்களுக்கு ஒத்துவரும் எதுவும் இவர்களுக்கு ஒத்துவராது.

கொரோனாவின் இரண்டாம் அலை. தொலைக்காட்சியில் அதைப் போர் என்றார்கள். எங்களைப் போர்வீரர்கள் என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சு எரிச்சலாக வரும். போரில் எதிரி எந்தப் பக்கம் நிற்கிறான் என்றாவது தெரியும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். யாரை எடுத்துக்கொண்டு போவது, யாரை விட்டுவிட்டுப் போவது என்று தினமும் முடிவுசெய்தோம். அது போர்தான்.

செவ்வாய்க்கிழமை. காலை 10.50. ஊரடங்கு. பத்து மணிக்குமேல் தெருவில் போலீசும் நாங்களும்தான். செகந்திராபாத் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு மூன்று மாடி நர்சிங் ஹோம். தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டாம் மாடியில். ஆக்ஸிஜன் ஒரு மணிக்குத் தீரும். அடுத்த லாரி வருமா என்று கேட்டால் அங்கிருந்த டாக்டர் வானத்தைப் பார்க்கிறார். சின்ன வயசு. இரண்டு நாளாகத் தூங்காத முகம். பதினோரு நோயாளிகளில் பத்துப் பேரை ஏற்கெனவே எடுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் ஒருவர்.

அவரை எடுக்க மூன்று ஆம்புலன்ஸ் வந்தன. மூன்றும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. நாங்கள் நான்காவது.

சிவகுமார். வயது முப்பத்து நான்கு. சொந்த ஊர் புதுக்கோட்டை. அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணினிப் பாடம் எடுப்பவர். தனியாள். அம்மா ஊரில். அறையில் வேறு யாரும் இல்லை, காலியான பத்துக் கட்டில்கள் மட்டும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நான் தமிழில் பேசியதும் போனில் ஏதோ தட்டித் திருப்பிக் காட்டினார்.

"சாரிக்கா. என்னை விட்டுட்டு அடுத்த பேஷன்ட்ட பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. ஒரு மனுஷனை இப்படித் தட்ட வைத்த மூன்று வண்டிகள்மேல்.

ஸ்ட்ரெச்சர் அவரைத் தாங்காது. பெல்ட் குறுக்கே எட்டாது. லிஃப்டுக்குள் நுழைய முடியாது. அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. அவரைப் படுக்கவைக்க முடியாது. மல்லாந்தால் வயிற்றின் பாரம் நுரையீரலை மேலே தள்ளும். நன்றாக இருக்கும்போதே அவர் தலையணை அடுக்கித்தான் தூங்குவாராம். இப்போது மல்லாந்தால் நான்கைந்து நிமிடம். மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் போடலாம் என்றார் டாக்டர். போடும்போதே போய்விடுவார் என்றேன். டாக்டர் மறுக்கவில்லை.

ஆக, உட்கார்ந்தபடியே இறக்க வேண்டும். நாற்பது படி. மூன்று திருப்பம்.

11.08. என் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அண்ணன் ஞானராஜ். லாலாகுடா ரயில்வே பட்டறையில் பாரம் தூக்கும் குழுவுக்கு மேஸ்திரி. எங்கள் தாத்தாவும் அங்கேதான், அப்பாவும் அங்கேதான். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாக அதே குவார்ட்டர்ஸ் வரிசை. ரயில் பெட்டியின் சக்கரம் தூக்குவது அண்ணனுக்கு மூட்டை தூக்குவது மாதிரி. கிரேன் போகாத மூலைக்கு அவர் ஆட்கள் போவார்கள்.

"எத்தினி கிலோ?" என்றார். ஆளைப் பற்றி ஒரு கேள்வி இல்லை.

"நூத்தம்பதுக்கு மேல. உக்காந்த மேனிக்கே இறக்கணும்ணா. படுக்க வெச்சா செத்துடுவாரு."

"படி எவ்ளோ அகலம்?"

"நாலடி."

"எட்டு பேரு போதும். பெல்ட் எடுத்தாறேன்."

"அண்ணா, இது கொரோனா கேஸ்."

பின்னால் அண்ணி குக்கரைத் திறக்கும் சத்தம். அப்புறம் சொன்னார்: "ஹவ், தெர்யும். நீ தினம் அதுலதான இருக்க. பயப்புட நக்கோ." ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம், ஹைதராபாத் உருது எங்கள் தமிழில் ஒட்டிக்கொண்டது.

11.40க்கு வந்துவிட்டார்கள். நாலு ஸ்கூட்டர், எட்டுப் பேர். பட்டறை அரை ஆட்களோடு ஓடிய காலம், பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். வண்டியில் எனக்கு ஒன்பது நல்ல முகக்கவசம் மிச்சம் இருந்தது. எட்டைக் கொடுத்தேன். மூக்கு எலும்பின்மேல் நானே ஒவ்வொருவருக்கும் அழுத்திவிட்டேன். அண்ணனுக்குக் கடைசியில். மூச்சு முட்டுது என்றார். முட்டினால்தான் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்றேன். ஒன்பதாவது என் பையில்.

வரவேற்பறையில் முதுகு வைத்த மரப் பெஞ்சு ஒன்று இருந்தது. அண்ணன் அதன்மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்தார். "தாங்கும்." அடியில் இரண்டு, முதுகுக்கு ஒன்று எனப் பட்டறைப் பெல்ட்டைக் கோத்தார்கள். சிவகுமாரைச் சுற்றி ஒன்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். வெட்கம். உயிர் போகும் நேரத்திலும் மனுஷனுக்கு வெட்கம் போவதில்லை. அண்ணன் அவர் தோளில் கை வைத்து, "சார், நீங்க ஒண்ணுமேயில்ல. நாங்க இன்ஜினையே தூக்குனவங்க" என்றார். சிவகுமாரின் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று முகமூடி வழியாகத் தெரியவில்லை.

11.58. கரண்ட் போனது. படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டர் கிளம்பியது. படிக்கட்டு முழுக்க அந்தச் சத்தம்.

12.02. கிளம்பினோம். என் முதுகில் சிலிண்டர், இருபத்தைந்து நிமிடத்துக்குக் காற்று. கீழே வண்டியில் பெரிய சிலிண்டர் இரண்டு.

பாரம் தூக்குபவர்களின் வேலைமுறையை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் கண்ணால் தூக்குவதில்லை. காதால் தூக்குகிறார்கள். மேஸ்திரி குரல் கொடுப்பார். மற்றவர்கள் "ஹைஸா" என்பார்கள். அந்த 'ஸா'வில்தான் எட்டுப் பேரின் காலும் ஒன்றாக இறங்கும். குரல் இல்லாவிட்டால் எட்டுப் பேர் எட்டுத் தனி ஆள். பாரம் யாராவது ஒருவன்மேல் விழும். எங்கள் அப்பாவின் வலது கால் அப்படித்தான் போனது.

முதல் பத்துப் படி. ஹைஸா. முதல் திருப்பம். ஹைஸா. அடுத்த பத்து. சிவகுமார் ஒருமுறை முகமூடியை ஒரு விரலால் தளர்த்தப் பார்த்தார். "கையை எடுங்க" என்று கத்தினேன். கையை எடுத்துவிட்டார். ஒலி மெல்லியதாக, சீராக இருந்தது. 90.

முதல் மாடித் திருப்பம். ஜெனரேட்டர் நேர் கீழே. அண்ணன் குரல் கொடுத்தார். முகக்கவசத்துக்குள்ளேயே அமுங்கிவிட்டது. கீழ்ப்பக்கம் பிடித்த நால்வருக்கும் கேட்கவில்லை. இரண்டு பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் நின்றார்கள். இடப்பக்கப் பெல்ட் நழுவியது.

12.21. இங்கேதான் ஆரம்பித்தேன்.

"நில்லு. நில்லு. எவனும் அசையாதே." இதுவும் அண்ணன்தான். இது கேட்டது. ஏனென்றால் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்.

71. ஒலி அடித்தொண்டைக்குப் போய்விட்டது. அண்ணன் பெஞ்சின் முதுகுக்குத் தோளைக் கொடுத்துச் சிவகுமாரை நிமிர்த்துகிறார். அவர் முகத்துக்கும் சிவகுமார் முகத்துக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. சுவாச முகமூடியின் நெற்றிப் பக்கம் சின்ன ஓட்டைகள் உண்டு. நோயாளி விடும் மூச்சு அந்த வழியாகத்தான் வெளியேறும். வேகமாக. அது எந்தப் பக்கம் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துவைத்திருப்பதுதான் என் தொழில்.

அண்ணன் வாயைத் திறந்து குரல் கொடுக்கிறார். "ஹைஸா." பெஞ்சு நிமிர்கிறது. 74. "ஹைஸா." திருப்பம் திரும்புகிறது. 80. "ஹைஸா."

நான் பார்த்தேன். கவசத்தை ஏற்றுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. சொன்னால் ஏற்றியிருப்பார், என் பேச்சைத் தட்டமாட்டார். ஏற்றினால் குரல் போய்விடும். குரல் போனால் சிவகுமார் போய்விடுவார். இந்தக் கணக்கை நான் போட்டேன். தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம். போட்டேன். இருபது படிக்கு அவர் அப்படியே வந்தார். முகத்துக்கு முகம். நான் வாயைத் திறக்கவில்லை.

12.26. தெரு. ஓட்டுநர் மஹ்மூத் பாய் ஸ்ட்ரெச்சரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டிருந்தார். பெஞ்சோடு உள்ளே ஏற்றிக் கட்டினோம். சிலிண்டர் மாற்றினேன். பழைய சிலிண்டரின் முள் பூஜ்யத்தைத் தொட்டிருந்தது. கதவை மூடும்போது அண்ணன் சந்தின் சுவரில் சாய்ந்து நின்று, கவசத்தால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, போ என்று கையைக் காட்டினார்.

1.04க்குச் சிவகுமாரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்படைத்தேன். ஒலி மெல்லியது. 92.

ஐந்தாம் நாள் அண்ணனுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் நாள் மூச்சுத் திணறல். நானே வண்டியில் ஏற்றினேன். சாதாரண எடை, சாதாரண ஸ்ட்ரெச்சர், ஒரு சிரமமும் இல்லை. வழியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த சாரு எப்டி இருக்காரு?" நல்லாயிருக்காருண்ணா என்றேன். பதினேழாம் நாள் காலை 6.20. அந்த ஒலி கடைசியில் தடிப்பதும் இல்லை. நீளமாக ஒரே ஒரு கோடு.

பட்டறையில் தொற்றியிருக்கலாம், கடையில் தொற்றியிருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு அந்த ஓட்டை தெரியும்.

சிவகுமார் நாற்பத்தொரு நாள் கழித்து நடந்து வெளியே வந்தார். மறுபடி பாடம் எடுக்கிறார். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் போன் செய்வார். ஒருமுறை, "என்னாலதானாக்கா?" என்றார். இல்லை என்றேன். அது பொய்யில்லை. அவரால் இல்லை.

அடக்கத்துக்கு மறுநாள் அண்ணி என்னைக் கேட்டார், "அவரு மாஸ்க்கு போட்டுனுதான இருந்தாரு?"

"போட்டுனுதான் இருந்தாரு அண்ணி" என்றேன். அண்ணி தலையை ஆட்டினார். அதற்குமேல் இன்றுவரை கேட்கவில்லை.

அந்தப் பொய்க்காகத்தான் இந்தச் சாட்சியம். எனக்கு இங்கிலீஷிலும் தெலுங்கிலும் எழுத வரும். தமிழில் எழுதுவது அண்ணி படிப்பார் என்பதால். அவர் மகளுக்கு வீட்டில் பேசும் தமிழ் புரியும், எழுத்து தெரியாது. அண்ணிதான் அவளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்தப் பாரத்தையும் அவர்மேல்தான் வைக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

போனவை.

ஸ்ட்ரெச்சர், ஒன்று. திரும்பிப் போனபோது அந்த இடத்தில் இல்லை. மரப் பெஞ்சு, ஒன்று, கிருமிநாசினியில் ஊறிப் பிளந்துபோனது. பட்டறைப் பெல்ட் நான்கு, எரித்துவிட்டோம்.

தூக்கியவர்கள் எட்டுப் பேர். காய்ச்சல் கண்டவர்கள் மூன்று பேர். யாதகிரி, வயது நாற்பத்தொன்று, கீழ்ப்பக்கம் இடது மூலை பிடித்தவர், இருபத்திரண்டாம் நாள் போனார். இரண்டு பெண் குழந்தைகள். ஞானராஜ், வயது நாற்பத்தெட்டு, குரல் கொடுத்தவர். இப்போது அந்தக் குழுவில் வேறொருவர் குரல் கொடுக்கிறார். பட்டறைச் சுவருக்கு வெளியே நின்றால் கேட்கும். நான் அந்தத் தெருவில் போவதில்லை.

இறக்கப்பட்டவர் ஒருவர். உயிரோடு இருக்கிறார்.

முகக்கவசம் ஒன்பது. எட்டுக் கொடுத்தேன். ஒன்பதாவது இன்னும் என் பையில் இருக்கிறது, உறை பிரிக்காமல்.

அண்ணி, அவர் போட்டிருக்கவில்லை. நான் பார்த்தேன்.