‘சரிப்படாதுடே’ என்று சொல்ல ஆளில்லாத இசைக்கூடத்திலிருந்து

அலைகடல் ஓரம் அவதரித்து ஆர்மோனியத்தின் அருகே அமர்ந்த அண்ணலே! காசிமேட்டுக் காற்றைக் கானமாக்கிக் கோதாவரிக் கரை வரைக்கும் கொண்டு சேர்த்த கலைஞரே! தமிழர்க்குத் தாலாட்டும் தெலுங்கர்க்குத் துள்ளாட்டமும் தந்து, இரு மொழிக்கும் ஒரே மூச்சைப் பகிர்ந்து கொடுத்த இசைச் செல்வரே! தமிழ்ப் படத்தில் ‘சாலமோன் – சுப்புராயன்’ என்று பின்னால் வந்து, தெலுங்குப் படத்தில் ‘சுப்புராயன் – சாலமோன்’ என்று முன்னால் நின்று, முன்னும் பின்னும் ஒன்றெனக் கொண்ட முதிர்ந்த நெஞ்சினரே! எங்கள் மாஸ்டரே! வணக்கம்.

ராயபுரத்து ஐஸ் கம்பெனியின் மேல்மாடியில், கீழே பனிக்கட்டி உடையும் ஓசைக்கும் மேலே பாட்டு பிறக்கும் ஓசைக்கும் நடுவில், பல்லாண்டு காலம் தங்களோடு வாழ்ந்த வாத்தியக்காரர்களாகிய நாங்கள், தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், கையில் மாலையும் கண்ணில் நீருமாக எழுந்து நின்று படித்தளிக்கும் மடல் இது.

இதுவரைக்கும் எல்லாம் முறைப்படி வந்திருக்கிறது. இனிமேல் கொஞ்சம் முறை தவறப் போகிறோம். தங்களை நேருக்கு நேர் பார்த்து ‘நீர் பெரியவர், நீர் வல்லவர்’ என்று அடுக்கினால், நாலாவது வரியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆகையால் தங்களை ‘அவர்’ என்றே வைத்துக் கதை சொல்கிறோம். வேறு யாரோ ஒரு சுப்புராயன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள்.

அந்தச் சுப்புராயனுக்கு அப்போது மீசை சரியாக முளைத்திருக்காது. அப்பாவுக்குச் சொந்தப் படகு. விடியலில் வலை இழுத்துவிட்டு, உப்பு காயாத உடம்போடு, ராயபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு எண்ணெய் வாங்க வருவார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவக் குடும்பத்தின் கடை. கல்லாவில் அப்பா, தராசில் பிள்ளை சாலமோன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவர், மற்ற நாட்களில் புளி நிறுப்பார். கடலில் இருந்தபோது தோன்றிய ஏதோ ஒரு மெட்டைச் சுப்புராயன் முணுமுணுத்தபடி நின்றிருக்கிறார். புளியைத் தட்டில் வைத்த சாலமோன் தலை நிமிராமல் சொன்னார்:

“ரெண்டாவது வரி சரிப்படாதுடே.”

சுப்புராயனுக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. “இன்னா சரிப்படாது? புளி நிறுக்கற ஆளுக்குப் பாட்டு இன்னாத்துக்குயா?” என்று எகிறினார். சாலமோன் அந்த இரண்டாவது வரியை வேறு மாதிரிப் பாடிக் காட்டினார். சுப்புராயன் அதை இன்னும் வேறு மாதிரிப் பாடினார். கடையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எண்ணெய் வாங்க மறந்து வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிக்கொண்டு, மறுநாளும் சுப்புராயன் எண்ணெய் வாங்க வந்தார். இப்படித்தான் தமிழிலும் தெலுங்கிலும் ஊர் ஊராகப் பாடப்பட்ட அந்த இரட்டைப் பெயர் உருவாயிற்று.

அவர்கள் மெட்டுப் போட்டது இந்தக் கூடத்தில் என்று வெளியார் நினைக்கிறார்கள். இங்கே நடந்தது பெரும்பாலும் ஒலிப்பதிவுதான். மெட்டுகளில் முக்கால்வாசி பிறந்தது ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர்ப் பக்கம் போகும் கடற்கரைச் சாலையில். ஒரு கையில் கடல், மறு கையில் துறைமுகத்துக்குள் போகக் காத்துக்கிடக்கும் லாரிகள். அதிகாலைப் பனியில் லாரி தெரியாது, அதன் விளக்கு மட்டும் மஞ்சளாக மிதந்து வரும். எண்ணூர்ப் புகைபோக்கி எது, மேகம் எது என்று பிரிக்க முடியாது. கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா வானத்தில் நிற்கின்றனவா என்று ஐயமாக இருக்கும். உலகம் இன்னும் முழுசாக விழித்துக்கொள்ளாத அந்த நேரத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடப்பார்கள். ஒருவர் ஒரு வரி பாடுவார். லாரி இரைச்சலையும் மீறிக் காதில் விழுந்தால் அந்த வரி பிழைத்தது. இல்லாவிட்டால் கடலோடு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். உடன் நடந்த எங்களில் சிலருக்கு, விட்டுவிட்ட அந்த மெட்டுகள் இன்னும் அந்தப் பக்கத்துக் காற்றில் அலைவதாகத் தோன்றும்.

ஒரே மெட்டு தமிழுக்கும் போகும், தெலுங்குக்கும் போகும். வரியின் முடிவை நீட்ட வேண்டும் என்பார் சுப்புராயன். நறுக்கென்று நிறுத்த வேண்டும் என்பார் சாலமோன். இருவரும் விட்டுக் கொடுக்காததால், வரி நறுக்கென்று நின்றதும் மிச்சத்தை ஒரு கிளாரினெட் நீட்டிக்கொண்டு போகும். அதுதான் இந்த இரட்டையரின் முத்திரை என்று பிற்காலத்தில் பத்திரிகைகளில் எழுதினார்கள். சண்டையின் தழும்பு அது என்று எழுதியவர்களுக்குத் தெரியாது.

ஒரு முறை விஜயவாடாவிலிருந்து ஒரு தயாரிப்பாளர் இந்தக் கூடத்துக்கு வந்திருந்தார். சுப்புராயன் மெட்டைப் பாடியதும் மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுவே போதும் என்று எழுந்தார். “சரிப்படாதுடே,” என்றார் சாலமோன். “அவுருக்கே புட்ச்சிப் போச்சு, உனுக்கு இன்னா பேஜாரு மாமு?” என்று கத்தினார் சுப்புராயன். “அவருக்கு அழுகை வந்துட்டு. எனக்கு வரலியே!” என்றார் சாலமோன். இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் தயாரிப்பாளர் பயந்துபோய்க் கீழே இறங்கி டீ குடிக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது வேறொரு மெட்டு தயாராக இருந்தது. அதைக் கேட்டு அவர் அழவில்லை. ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சாலமோன் அப்போதுதான் தலையாட்டினார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சாலமோன் காலமானார். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் குடைகளுக்குக் கீழே எல்லோரும் நனைந்துகொண்டு நின்றோம். சுப்புராயன் அழவில்லை. மண் போடும்போது பாடியவர்கள் ஓரிடத்தில் சுருதி விட்டார்கள். அவர் சட்டென்று இடப்பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அங்கே தபலா ரவிக்குமார்தான் நின்றுகொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. கையில் ஒரு தெலுங்குப் படம் இருந்தது. சுப்புராயன் தனியாக வந்து ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் பாடினார். முடித்துவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். மனிதர் ஒற்றையாக உட்கார்ந்திருக்கிறாரே என்று எங்களுக்கு மனசு பொறுக்கவில்லை. கைதட்டினோம். “அருமை மாஸ்டர்” என்றோம். அடுத்த மெட்டுக்கும் கைதட்டினோம். அதற்கடுத்ததற்கு ரவிக்குமார் எழுந்து நின்றே தட்டினார். நாங்கள் தட்டத் தட்ட அவர் முகம் வாடிக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு நாள் வேண்டுமென்றே ஒரு மெட்டைப் பாடினார். தாளம் ஒரு பக்கம், ராகம் ஒரு பக்கம், தண்ணீர்க் குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு, ஐயோ, கைதட்டினோம்.

சுப்புராயன் ஆர்மோனியத்தை மூடினார். “இன்னாயா இது? கலீஜா ஒண்ணு பாடினேன். சொம்மா, பாக்கலாம்னு. அத்துக்கும் அல்லாரும் தட்டிகினு கீறீங்க!” என்றார். கீழே ஐஸ் உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஒலிப்பதிவாளர் ரெஜி நல்ல பிள்ளை. என்ன குறை என்று புரிந்துகொண்டவர், தனக்குத் தெரிந்த வழியில் அதைத் தீர்க்கப் பார்த்தார். பழைய ஒத்திகைப் பதிவிலிருந்து சாலமோனின் குரலைத் தேடியெடுத்து, ஒரு பொத்தானை அழுத்தினால் ‘சரிப்படாதுடே’ என்று ஒலிக்கும்படி செய்து கொடுத்தார். அந்தக் குரல் கூடத்தில் எழுந்தபோது எல்லோரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தோம். சுப்புராயன் ஒரு வரி பாடி, பொத்தானை அழுத்தினார். மாற்றிப் பாடி, மறுபடியும் அழுத்தினார். ரொம்ப நேரம் அப்படியே செய்தார். அந்தச் சமயத்தில் அவரைப் பார்த்தவர்கள், கனவில் வந்தவரோடு பேசுகிறவர் என்றே நினைத்திருப்பார்கள். கடைசியில் பொத்தானை ரெஜியிடமே கொடுத்துவிட்டார்.

“கோச்சுக்காத நைனா. இது வாணாம்னு சொல்லிட்டு கம்முனு பூடுது. அவன் வாணாம்னு சொன்னா, வேற கெடைக்கற வரைக்கும் அவனும் தூங்க மாட்டான்.”

சென்ற வாரம் அந்தத் தெலுங்குப் படத்தின் கடைசிப் பாட்டு பதிவாயிற்று. பதிவு முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்: “நான் நிறுத்திக்கிறேன். ஒடம்புல தெம்பு கீது, காது கேக்குது, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் போடறது நல்லாக்கீதா இல்லியான்னு எனுக்கே தெர்ல. அவன் இருந்தா தெரியும்.” இதுதான் மாஸ்டர் ஓய்வு பெறும் காரணம். அழைப்பிதழில் ‘முதுமை காரணமாக’ என்று அச்சாகியிருப்பது நாங்கள் மரியாதைக்குப் போட்டது.

இனி இந்த மடல் எழுதப்பட்ட கதை. கிளாரினெட் லூர்து தமிழில் கெட்டிக்காரர். இசைக்கடலே, இமயமே, ஈடிலா ஏந்தலே என்று ஒரு முழுத்தாளுக்கு எழுதிக்கொண்டு வந்து வாசித்தார். நாங்கள் வழக்கம்போலக் கைதட்டினோம். வயலின் ரோஸ்மேரி மட்டும் தட்டவில்லை. இந்தக் கூடத்திலேயே குறைவாகப் பேசுகிறவர் அவர். வில்லைத் துடைத்து உறையில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“அந்தக் கடைசிப் பாட்டுல ரெண்டாவது சரணம் நல்லா இல்லன்னு உங்க யாருக்கும் தோணலியா?”

லூர்துவின் கையிலிருந்த தாள் கீழே இறங்கியது. ஏனென்றால் எங்கள் எல்லோருக்கும் தோன்றியிருந்தது. வாசிக்கும்போதே தோன்றியது. ரவிக்குமாருக்கு ஒத்திகையிலேயே தோன்றியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிச் சொல்வது என்று அவரவர் விழுங்கிவிட்டோம். அவருக்கு வேண்டியிருந்தது அந்த மறுப்புதான் என்று தெரிந்தும், பாசத்தாலேயே அதைக் கொடுக்காமல் வைத்திருந்தோம். லூர்து தான் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து புதிதாக எழுதியதுதான் இப்போது படித்துக்கொண்டிருப்பது.

ஆகவே, ‘அவர்’ என்றது போதும். மாஸ்டரே! இப்போது தங்களையே பார்த்துச் சொல்கிறோம்.

அந்த இரண்டாவது சரணம் சரியில்லை, ஐயா.

என்ன செய்தால் சரியாகும் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் சாலமோன் அல்ல. எங்களில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து நிறுத்தினாலும் அவருடைய ஒரு தலையாட்டலுக்கு ஈடாகாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். நல்லது கிடைக்கும் வரைக்கும் நாங்களும் தூங்க மாட்டோம். விடியலில் கடற்கரைச் சாலைக்கு வந்து நிற்கிறோம். பாடுங்கள். காதில் விழாவிட்டால் விழவில்லை என்போம். பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வோம். தாங்கள் திட்டினால் திருப்பியும் பேசுவோம். அதற்கு இன்னும் பழக்கமில்லை. குரல் கொஞ்சம் நடுங்கும். பொறுத்தருள்க.

ஓய்வு வேண்டும் என்றால் அது தங்கள் உரிமை. மாலை இதோ இருக்கிறது, பொன்னாடை இதோ இருக்கிறது, கீழே விருந்தும் தயாராக இருக்கிறது. ஆனால் நல்லது எது என்று தமக்கே தெரியாமல் போயிற்று என்று எண்ணித் தாங்கள் எழுந்து போவதை மட்டும் எங்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நீடு வாழ்க என்று வாழ்த்துவது எளிது. நாங்கள் கேட்பது, சண்டைக்குத் தெம்புள்ள நெடுவாழ்வு. முழங்கால் நோகாது, மூச்சு இரைக்காது, செவி மங்காது, சினம் தணியாது, வங்கக் கடல் உள்ளளவும் வாய்நிறையப் பாடி, எங்களை வாய்நிறைய ஏசி, தாங்கள் தழைத்திருக்க வேண்டுமென்று, தமிழ்த் தாயையும் தெலுங்குத் தாயையும் இரு கைகூப்பி இறைஞ்சுகிறோம்.

என்றென்றும் தங்கள் வாசிப்பில் வாழும்,
ராயபுரம் மேல்மாடி இசைக்கூடத்தார்

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடுமுன் சேர்த்து எழுதியது:

மடலைப் படித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. நாங்கள் போட்ட மாலையோடு மாஸ்டர் எழுந்தார். டீக்கடைக்குத்தான் போகிறார் என்றே நினைத்தோம். நேரே ரோஸ்மேரியின் முன்னால் போய் நின்றார்.

“இன்னாமே நல்லால்ல அதுல?”

ரோஸ்மேரி ஓர் அடி பின்வாங்கினார். ஆனாலும் சொன்னார்: “மேல போகவே மாட்டேங்குது மாஸ்டர். மொத சரணத்தையே சுத்திச் சுத்தி வருது.”

“அது மேல போவக் கூடாதுமே. போனா படத்துல அந்தப் பொண்ணு அழுவறது பொய்யாப் பூடும்.”

“பொய்யாகாது.”

“ஆவும்.”

“ஆகாது மாஸ்டர். எறக்கி வெச்சீங்கன்னாதான் பொய்யாத் தெரியுது.”

மாஸ்டருக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. மழைக்காலத்துக்குப் பிறகு அவரை அவ்வளவு கோபமாக நாங்கள் பார்த்ததில்லை. மாலையைக் கழற்றி ரவிக்குமாரின் கையில் திணித்தார். ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

“எங்க, பாடிக் காட்டு.”

ரோஸ்மேரி பாடினார். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஊஹூம்,” என்று தலையாட்டி, அவர் வேறு மாதிரிப் பாடினார். ரோஸ்மேரியும் “ஊஹூம்” என்றார். லூர்து நடுவில் ஏதோ சொல்லப் போக, இரண்டு பேரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். கீழே இலை போட்டு வைத்திருந்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.