பத்துக் குடைகளும் நானும்

“மனுஷங்க அடிப்படையில நல்லவங்கதாங்க,” என்றாள் உன் அக்கா.

“ஒரு குடையை பஸ்ல மறந்து வெச்சிட்டு வா. அப்புறம் பேசு,” என்றேன்.

விளையாட்டாக ஆரம்பித்ததுதான், மச்சான். நீ சிறையிலிருந்து வெளியே வர அப்போது இரண்டு மாதம் இருந்தது. உன்னை எங்கள் மாடி அறையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவள் ஆசை. திருடியவன் திருந்துவானா என்பது என் சந்தேகம். என் மூக்குக்கண்ணாடிக் கடை முகவரியை எழுதிக் கட்டி, பத்துக் குடைகளைப் பத்து பஸ்களில் விடுவது. ஆறு திரும்பி வந்தால் நீ வரலாம். நியாயமான ஏற்பாடு. அவளும் ஒப்புக்கொண்டாள்.

மூன்றே வாரத்தில் ஒன்பது வந்துவிட்டன. ஒரு நர்ஸ் ஈரம் துடைத்து, மடித்துக் கொண்டுவந்தாள். ஒரு பெரியவர் இரண்டு பஸ் மாறி வந்து, தாமதத்துக்கு என்னிடம் மன்னிப்பு வேறு கேட்டார்.

உன் அக்காவிடம் இரண்டு வந்தது என்றேன். அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வந்தது உண்மைதானே. எல்லாவற்றையும் கடைப் பரணில் போட்டேன்.

ஏன் என்கிறாயா? நீ இருந்தால் அவள் உன் ஜோக்குக்குத்தான் சிரிப்பாள். என் ஜோக்குகளின் லட்சணம் உனக்கே தெரியும்.

நீ விடுதலையான அன்று அவளுக்குக் காய்ச்சல். நான் மட்டும் வந்தேன். “அக்காவுக்குக் கொஞ்சம் டைம் குடு,” என்றேன். நல்ல பிள்ளை நீ, ஆறு வருஷம் கொடுத்தாய். அவளிடம், “நம்ம மூஞ்சியில முழிக்க அவனுக்கு வெக்கமா இருக்காம்,” என்றேன். அவள் அழும்போதெல்லாம் நான்தான் தேற்றினேன். மோசமான புருஷன் இல்லை நான்.

நீ வெளியே வந்த அடுத்த வருஷம், பத்தாவது குடையை நீயே கடைக்குக் கொண்டுவந்தாய். நீ வேலை பார்க்கும் இந்த டிப்போவில், ஓடாமல் கிடந்த ஒரு பழைய பஸ்ஸைக் கழுவும்போது சீட்டுக்கடியில் கிடைத்ததாகச் சொன்னாய். கிழிந்த ஓரத்தைத் தைத்தும் இருந்தாய். “அக்கா நல்லா இருக்காளா, மாமா?” என்றாய். பிறகும் ஏதோ கேட்க நின்றாய். நான் ஒருவருக்குக் கண் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

நேற்று அவள் கடைப் பரணை ஒழித்தபோது குடைகளைப் பார்த்துவிட்டாள். கேட்டாள், எல்லாம் சொன்னேன். பத்தையும் வரிசையாக விரித்து வைத்தாள்.

“கொண்டுவந்தவங்க பத்துப் பேர், அமுக்கினவர் ஒருத்தர். பதினோரு பேர்ல பத்துப் பேர் நல்லவங்க. நான் சொன்னது சரிதானே?” என்று சிரித்தாள். “பதினொண்ணாவது ஆளும் தேறுவாரான்னு என் தம்பிகிட்டயே கேட்டுட்டு வாங்க.”

அதற்காகத்தான் நீ தைத்த இந்தக் குடையோடு வந்திருக்கிறேன். அன்று உன்னைக் கேட்கவிடாததை நானே கேட்கிறேன்.

“வீட்டுக்கு வந்துடு, மச்சான்.”