தோள்பைக்குள் வந்த துணி

பட்டப்பகல் பன்னெண்டு மணி.

ராத்திரி இல்லப்பா, பகல்தான். பேய்னா ராத்திரிதான் வரும்னு உங்களுக்கு யாரு சொன்னது? நம்ம நெழலு நம்ம காலுக்கடியில சுருண்டுக்கிற உச்சி வெயில் இருக்குதே, உரும நேரம்... அதுக்கு ராத்திரி எவ்வளவோ தேவல.

நாமகிரிப்பேட்டைக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஊரு. அங்கிருந்து பஸ் ரோட்டுக்கு ரெண்டு மைலு இட்டேரி. ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கிளுவ வேலி, நடுவுல வண்டித்தடம். ஒரு ஆடு இல்ல, ஒரு குருவி சத்தம் இல்ல. அதுல ஒத்த ஆளா வாராரு தீர்த்தகிரி. தோள்ல பை.

தீர்த்தகிரி யாருன்னா, என் சிநேகிதன் பெரியசாமிக்குச் சொந்தத் தாய்மாமன். சேலம் அம்மாபேட்டையில போட்டோ புடிக்கிறவரு. ரெண்டாவது உலகச் சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வருசம் நடந்தது இது. பெரியசாமி சீட்டாட்டத்துல பொய் சொல்லுவான், மத்ததுல சொல்ல மாட்டான். வீரா, அந்தக் கதவைச் சாத்திட்டு வந்து உக்காரு.

அந்தப் பையைப் பத்தி முதல்ல சொல்லணும். கெட்டிக் கித்தான் துணியில அவரே அளவு குடுத்துத் தைச்சு வாங்குனது. உள்ள அறை அறையா இருக்கும். நடுவுல காமிரா. அப்பல்லாம் அவரு கண்ணாடித் தட்டுலதான் படம் எடுப்பாரு. எடுக்காத தட்டு வலப்பக்கம், எடுத்த தட்டு இடப்பக்கம். வெளிச்சம் பட்டுச்சுன்னா படம் போச்சு. ஒரு தடவை நாமக்கல்ல கல்யாண ஊட்டுல லென்ஸ் மூடியை மறந்து வெச்சுட்டு, அதுக்காக மறுநாள் அத்தனை தூரம் திரும்பிப் போனாரு. அதுல இருந்து ஒரு பழக்கம் வந்துருச்சு. வேலை செய்யிற எடத்துல கை எதைக் கழட்டுதோ அது நேரா பைக்குள்ள போயிரும். கண்ணு பாக்காது, கை போட்டுரும்.

அன்னிக்கு ராசிபுரத்துல ஒரு வேலையா வந்து தங்கியிருந்தாரு. விடிஞ்சு கொஞ்ச நேரத்துல ஒரு ஆளு தேடிக்கிட்டு வந்தான். ராசப்பன்னு ஒரு பண்ணையக்காரன். அவன் பொஞ்சாதி மயிலம்மாள். கொழந்த பொறந்து பன்னெண்டாம் நாள், காய்ச்சல் கண்டு, விடியக் கருக்கல்ல போயிட்டா. இருபது வயசு.

ராசப்பன் அழுவக்கூட இல்லையாம். "இவ மொகம் எங்கயும் இல்லீங்க. நாளைக்கு எம்புள்ள பெருசாயி, அம்மா எப்படி இருந்தான்னு கேட்டா நான் எதைக் காட்டுவனுங்க?"

சரின்னு அவன்கூடவே அந்த ஊருக்குக் கெளம்பிப் போனாரு. குளிப்பாட்டி, மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு வாசல்ல நாற்காலியில உக்கார வெச்சாங்க. முதுகுக்குப் பின்னால துணி போட்டு இறுக்கிக் கட்டியாச்சு. ஆனா காலு சரியா நிக்கல, நாற்காலியே ஒரு பக்கம் சாயுது. என்னன்னு குனிஞ்சு பாத்தாரு...

கால் கட்டு. செத்தவங்களுக்குக் கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துத் துணியில கட்டுவாங்கல்ல, அது. ஊட்டுல கட்டுனதைக் காட்டுல, குழி மேட்டுலதான் அவுக்கணும். அவுத்த துணி அதே குழிக்குள்ள போகணும். ஏன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. கட்டு இல்லாத காலு நடக்கும்.

இவருக்கு இதெல்லாம் தெரியாம இல்ல. ஆனா வேலைன்னு எறங்கிட்டா அவருக்கு வேற நெனப்பே இருக்காது. பொம்பளைங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, அவுத்தாரு. காலைத் தள்ளி ஊனி வெச்சாரு. சேலையை இழுத்து மூடுனாரு. துணி எங்க போச்சு? கேக்கவே வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் இருந்துச்சு மனுசனுக்கு. எதுக்க உக்காந்திருக்கிறவங்க மொகம் எளகணும்னு எதையாச்சும் பேசிக்கிட்டே இருப்பாரு. கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டாரா... வாய் தானா ஆரம்பிச்சிருச்சு. "அசையாம இரு, கண்ணு... பயமெல்லாம் வேண்டாம்... எங்க ஊட்டுலயும் ஒண்ணு இருக்குது. பொட்டப்புள்ள. பொறந்து இருபது நாளாச்சு..."

யாருகிட்டப் பேசுறோம்னு அப்புறந்தான் ஒறைச்சுதாம். நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

கடைசியா ராசப்பன் கொழந்தையைத் தூக்கி அவ மடியில வெச்சான். அவன் அக்கா கத்துனா, கேக்கல. காலையில இருந்து வீறிட்டுக்கிட்டிருந்த கொழந்த... மடியில வெச்சதும் கம்முனு ஆயிருச்சு. ஒரு படம். எடுத்ததும் அக்காக்காரி கொழந்தையைப் புடுங்கிட்டு உள்ள ஓடிட்டா.

இன்னும் கொஞ்ச நேரத்துல எடுத்துருவோம்னாங்க. இவருக்கு ஒரு மணி பஸ்ஸு. பையை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

இப்ப இட்டேரிக்கு வாங்க.

அர மைலு நடந்திருப்பாரு. பை கனக்குது. பதினஞ்சு வருசமா அதே தோள்ல அதே பை. ஒரு தட்டு கூட இருந்தாலும் அந்தத் தோளுக்குத் தெரியும். இப்ப வாரு சதையை அறுக்குது. தோள் மாத்துனாரு. கொஞ்சம் நடந்தாரு. இன்னும் கனக்குது. யாரோ பின்னால பையைப் புடிச்சுத் தொங்குற கனம்.

மஞ்ச வாசம். பச்சை மஞ்சளை இப்பத்தான் அரைச்ச வாசம்.

அப்புறம்... சத்தம். புழுதியில வெறுங்காலு. தப்... தப்... நடுவுல கல்லுல மெட்டி உரசுற சத்தம். கிணுக். இவரு நின்னா அதுவும் நிக்குது. நடந்தா நடக்குது. திரும்பிப் பாக்கணும்னு கழுத்து இழுக்குது. பாக்கல. மனுசன் பாக்கல.

வேலிச்சந்துல ஒரு புளியமரம். அதுக்கடியில போயி உக்காந்து, கறுப்புத் துணியைப் பை மேல போத்தி, வெளிச்சம் படாம உள்ள கையை விட்டாரு. தட்டு... தட்டு... மூடி... அப்புறம் மெத்துனு ஒண்ணு. ஈரமா. வெளிய எடுத்தாரு.

கால் கட்டுத் துணி. ஒரு சாண் நீளம். மஞ்சக் கறையோட. முடிச்சு போட்ட சுருக்கம்கூட அப்படியே இருக்குது.

 வேலியில வீசிட்டு ஓடிரலாமான்னு ஒரு நெனப்பு. ஓடலாம். ஆனா எங்க ஓடுவாரு? ஊட்டுக்கு. ஊட்டுல யாரு? பொஞ்சாதி குஞ்சம்மாள். தூளியில இருபது நாள் பச்சை மண்ணு. பின்னால இதைக் கூட்டிக்கிட்டா அந்த ஊட்டுக்குள்ள நொழையிறது?

அப்படி யோசிச்சுக்கிட்டிருக்கும்போதே...

தப்... தப்... கிணுக்.

சத்தம் அவரைத் தாண்டிப் போச்சு. காதோரமாக் காத்துகூட வரல. மஞ்ச வாசம் மட்டும் மொகத்துல அடிச்சிட்டுப் போச்சு. முன்னால, பஸ் ரோட்டுப் பக்கமா, சேலத்துப் பக்கமா... சீக்கிரம் சீக்கிரமா எட்டு வெச்சுப் போகுது. தடத்துல ஆளும் இல்ல, அடியும் இல்ல.

பையைப் பாத்தாரு. தக்கை மாதிரி ஆயிருச்சு.

வந்த வழியே ஓடுனாரு. காமிரா இடுப்புல இடிக்குது, கண்ணாடி ஒடையுமேன்னு நெனப்பில்ல. காட்டுக்குப் போயிச் சேர்றப்ப மயிலம்மாளைக் குழியில எறக்கியாச்சு. மண்ணு தள்ளப் போறாங்க. "நிறுத்துங்க சாமி!"ன்னு கத்திக்கிட்டே போயி விழுந்தாரு. துணியை நீட்டுனாரு. நடந்ததைச் சொன்னாரு.

 ராசப்பன் துணியை வாங்கி மஞ்சக் கறையைத் தடவிப் பாத்தான்.

குழி வெட்டுன சடையன்தான் சொன்னான். "கட்டு அவுக்கலாம்னு காலைத் தொட்டனுங்க. கட்டே இல்ல. எங்கயோ நழுவிருச்சுன்னு நெனச்சனுங்க." அப்புறம் கொழந்தைப் பக்கம் நெனப்பு போயிருக்கும் போல, ராசப்பனைப் பாத்து, "நம்ம கொழந்தைக்குப் பயமில்லீங்க. தூளிக்கடியில அருவா, வேப்பங்கொத்து எல்லாம் காலையிலயே வெச்சாச்சு. அவ வந்தாலும் கிட்ட அண்ட முடியாது. வேற எங்கயும் போகாம இருந்தாச் சரிதானுங்க"ன்னான்.

தீர்த்தகிரிக்கு, காலையில அவகிட்டத் தன் கொழந்தையைப் பத்தி வாய் விட்டது ஞாபகம் வந்துருச்சு. அவரு ஊட்டுல அருவாளும் இல்ல, வேப்பங்கொத்தும் இல்ல. இருக்கணும்னு யாருக்குத் தோணும்?

துணியைக் குழியில போட்டு மண்ணு தள்ளுனாங்க. ஒரு மணி பஸ்ஸு போயிருச்சு. அடுத்த பஸ்ஸு நாலு மணிக்கு. அதுவரைக்கும் ரோட்டோரம் உக்காந்து அவரு பட்ட பாட்டை, கடைசிக் காலம் வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுவாராம்.

படத்துல ஏதாச்சும் தெரிஞ்சுதான்னு கேக்காதீங்க. ஒண்ணும் தெரியல. தங்கமா வந்துச்சு. ராசப்பன் ஊட்டுச் சுவத்துல ரொம்ப வருசம் மாட்டியிருந்துச்சாம், அந்தப் புள்ள தெனம் அதைப் பாத்துத்தான் வளந்துச்சு.

அம்மாபேட்டைக்கு வந்து சேர்றப்ப வெளக்கு வெக்கிற நேரம். வாசல்ல நின்னு உள்ள எட்டிப் பாத்தாரு. குஞ்சம்மாள் சாதாரணமாத்தான் உக்காந்திருக்குறா. தூளி மெதுவா ஆடுது. அப்பாடான்னு மூச்சு விட்டாரு. பையை எறக்கி வெச்சாரு.

"கொழந்த எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் தூங்குது. ஆனா ஏனுங்க... உருமத்துல இருந்து பால் குடிக்கவே மாட்டேங்குது. மாரு கட்டிக்கிட்டு எனக்கு வலி தாங்க முடியல. பசின்னு ஒரு அழுவையும் இல்ல. கிட்டக் கொண்டு போனா மொகத்தைத் திருப்பிக்குது."

தீர்த்தகிரி தூளியை வெலக்கிப் பாத்தாரு. கொழந்த அசந்து தூங்குது. வயிறு உப்பிக் கெடக்குது. பாத்துக்கிட்டு இருக்கும்போதே சின்னதா ஒரு ஏப்பம் விட்டுச்சு. ஒதட்டோரமா ஒரு சொட்டுப் பால் வழிஞ்சுச்சு.

வெரலால தொடச்சாரு.

பால்... கெணத்துத் தண்ணி மாதிரி சில்லுனு இருந்துச்சாம்.