பஞ்சு வைத்த பூ

பழைய பையில் இருக்கும் கம்பெனிச் சின்னத்தை மறைப்பது பெரிய வித்தை இல்லை. சுரண்டினால் தழும்பு தெரியும். சாயம் பூசினால் வெயிலில் உரிந்துவிடும். மேலே வேறொன்றை வைத்துத் தைத்துவிடுவதுதான் உத்தமம். பை தைத்துப் பிழைப்பவள் நான், இந்த விஷயத்தில் என் பேச்சை நம்பலாம்.

உங்கள் மேசையில் இருக்கும் இந்தப் பையை என் தங்கச்சி பழைய சாமான் கடையில் வாங்கினாள். வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. நல்ல தோல், உறுதியான வார். முன்பக்கப் பாக்கெட்டில் மட்டும் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனியின் சின்னம்: மல்லாந்து கிடக்கும் கரப்பான்பூச்சி.

"இதை மாட்டிட்டுப் போனா முதல் நாளே பட்டப்பேர் வச்சுடுவாங்க. ஏதாவது பண்ணுக்கா," என்றாள்.

"வச்சாலும் உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்," என்றேன். இருவரும் சிரித்தோம். எங்களுக்குள் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான்தான். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு. வந்துவிட்டால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். மூச்சு சீராகும்வரை விடமாட்டாள். அவள் நகம் பதிந்த தடம் என் மணிக்கட்டில் வெகுநேரம் இருக்கும். பிறகு டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். வாயில் வைத்து உறிஞ்சுவாள், எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது இருக்கும் தைரியத்தில்தான் வெளியூருக்கே கிளம்பினாள்.

சிவப்புத் தோலில் பெரிய பூவாக வெட்டினேன், பாக்கெட்டின் வாயையும் சேர்த்து மூடும்படி. வாங்கிய அன்றே இன்ஹேலரை அந்தப் பாக்கெட்டில் போட்டு வைத்திருந்தாள். நான் எடுக்கவில்லை. தொட்டால் கட்டியாகத் தெரியக் கூடாதே என்று சுற்றிலும் பஞ்சு அடைத்தேன். பூவும் புடைப்பாக, அழகாக வந்தது.

அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "முன்னாடி பாக்கெட் என்னாச்சு?"

"ஜிப் பல்லு போயிருந்தது, மூடிட்டேன். உன் சாமானெல்லாம் உள்ள இருக்கு."

பொய் சொல்லவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தது.

போய்ச் சேர்ந்த அன்றே ஹாஸ்டல் மாடிப்படியில் இறந்துகிடந்தாள். இழுப்பு என்றார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. துணிமணிகளோடு பையும் வீட்டுக்கு வந்தது. கதவுக்குப் பின்னால் மாட்டினேன்.

அதன் பிறகுதான் சத்தம். தையல் மெஷினை நிறுத்தினால் கேட்கும். மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் மட்டும். வெளியே விடும் சத்தம் வருவதே இல்லை; அடுத்த இழுப்புதான் வரும். பரண் மேல் போட்டேன், போர்வையால் சுற்றினேன். மனப்பிரமை என்றுதான் நானும் இருந்தேன். போன வாரம் பை வாங்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீட்ல யாருக்காவது இழுப்பாம்மா? ரொம்ப சிரமப்படற மாதிரி இருக்கே," என்றார்.

அதனால்தான் இதை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்தேன். தண்டனைக்குப் பயந்தோ ஆசைப்பட்டோ இல்லை. இது என் வீட்டில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

கடைசியாக அவள் எனக்குப் போன் செய்தாளே, என்ன பேசினாள் என்று கேட்கிறீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறியிருக்கிறாள். "அக்கா... இன்ஹேலர்... எங்க வச்ச?" ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இழுத்தது. பூவைக் கிழி என்று சொன்னால் போதும். வாய்வரை வந்தது. ஆனால் எத்தனையோ வருடம் கழித்து அவளுக்கு நான் வேண்டியிருந்தேன்.

"வீட்டுக்கு வந்துடு, எடுத்துத் தரேன்," என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது. அது நிற்கும்வரை போனை வைக்காமல் கூடவே இருந்தேன்.

அவள் வந்திருந்தால் அந்த நிமிடமே தையலைப் பிரித்துக் கொடுத்திருப்பேன். பெற்றவள்கூட அதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறாள்?