இறந்த இடம்: நடுக்கடல்

ஓடுகிறேன். வாயெல்லாம் மண். இடது காதில் ரீங்காரம், வேறு சத்தமே இல்லை. முன்னால் ஒரு சிப்பாய் ஓடுகிறான். அவன் கை காட்டிய பக்கம் நானும் ஓடுகிறேன். வியாழக்கிழமை. காலை பதினொன்று இருபத்தாறு. கைக்கடிகாரம் உடையவில்லை. அந்த நேரத்தில் அதை ஏன் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டாவது குண்டு விழுகிறது. முதலில் தரை குலுங்குகிறது. பிறகுதான் சத்தம். பள்ளத்தில் விழுகிறேன். மகேஷ் என் மேல் விழுகிறான்.

"ரஹீம் எங்கடா?"

கத்துகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

என் பெயர் துரை. ஊர் ஆவடி பக்கம் வெள்ளானூர். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் வெல்டராக இருந்தவன். ரஹீம் கேஸ் கட்டர், தீயால் இரும்பு வெட்டுகிறவன், கரையான்சாவடிக்காரன். ஒரே ஷெட். ஒரே ஷிஃப்ட். ஒரே டீக்கடை. மகேஷையும் சேர்த்து எங்களில் பதினோரு பேரை ஓர் ஏஜென்ட் வெளிநாட்டுக்கு அனுப்பினான். துறைமுகத்தில் எண்ணெய் டேங்க் கட்டும் வேலை என்றான். விமானம். கப்பல். பிறகு ஒரு சின்னப் படகு. இறங்கிய இடத்தில் துறைமுகம் இல்லை. பாறை. காற்று. பறவை எச்சம். ஒரு கொடிக்கம்பம். சுற்றி வர ஒன்றரை மணி நேரம் போதும்.

அந்தத் தீவின் பெயரை எழுத மாட்டேன். அதற்கு இரண்டு பெயர். இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடுகின்றன. ஒரு நாடு கொடி நட்டு, எங்களை வைத்து டேங்க் கட்டியது. இன்னொரு நாடு தூரத்தில் கப்பலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. குடிக்க ஒரு குடம் தண்ணீர் ஊறாத இடம். அதற்கு ஏனடா இவ்வளவு வெறி?

சைரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொல்ல எனக்குக் கூசுகிறது.

எஸ்டேட்டில் பழகிய உடம்பு எங்களுடையது. சைரன் ஊதினால்தான் கை நிற்கும், வயிறு பசிக்கும். தீவில் சைரன் இல்லை. நான்தான் சூப்பர்வைசரிடம் கேட்டேன். அடுத்த படகில் ஒன்று வந்தது. நானே கம்பத்தில் ஏற்றினேன். நானே ஒயர் இழுத்தேன். பன்னிரண்டுக்கு ஊதினால் சாப்பாடு. ஐந்தரைக்கு ஊதினால் ஷிஃப்ட் முடிந்தது. ஊதியதும் கைரேகை மெஷின் முன்னால் வரிசையில் நிற்போம். ரேகை வைக்காதவன் அன்று வேலைக்கு வராதவன். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கால் தானாகப் போகும்.

மூன்றாம் வாரம் சைரன் சுவிட்சைக் கொடி நட்ட நாட்டு ராணுவத்தார் தங்கள் கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார்கள். சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். அவர்கள் மொழி. சைரன் நிற்காமல் ஊதினால் குண்டு வருகிறது, பள்ளத்தில் இறங்கு என்று அதில் எழுதியிருந்ததாம். பிறகு தெரிந்தது. சூப்பர்வைசருக்கு அந்த மொழி தெரியும். படித்தான். எங்களிடம் சொல்லவில்லை. கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றான். அவன் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த வியாழக்கிழமை, பதினொன்று இருபது. சைரன் ஊதுகிறது.

"இன்னா மாமே, இன்னிக்கு சீக்கிரமே ஊதிட்டான்?" ரஹீம் கண்ணாடியைக் கழற்றுகிறான்.

"பிரியாணி போட்டுக்கீறான் போல," என்கிறான் மகேஷ்.

எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு போனோம். ஊதல் நிற்கவில்லை. சுவிட்ச் மாட்டிக்கொண்டது என்று சிரித்தோம். கைரேகை மெஷின் இருந்த தகரக் கொட்டகைக்குக் கீழே வரிசை. பெருமாள் முதல். ரஹீம் இரண்டு. நான் மூன்று. மகேஷ் கடைசி.

"சிலிண்டர மூடுனியா?" ரஹீம் திரும்பிக் கேட்டான்.

மூடவில்லை.

"போய் மூடிக்கினு வா. உன் எடத்த நான் பாத்துக்கறேன்."

அறுபது அடி தூரம். வால்வில் கை வைக்கிறேன். ஒரு சிப்பாய் வரிசையைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். கையை வேகமாக ஆட்டுகிறான். வரிசையில் இருந்தவர்களும் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். இரு, ரேகை வைத்துவிட்டு வருகிறோம் என்று. மேலிருந்து விசில் போல ஒன்று இறங்குகிறது. பதினொன்று இருபத்து நான்கு.

"படுங்கடா! டேய், படுங்க!"

தமிழில் கேட்டது. நான்தான் கத்தியிருக்க வேண்டும்.

கொட்டகை இருந்த இடத்தில் புகை. வரிசையின் பின்பாதி தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தது. முன்பாதி போனது. அன்று மாலை நான்கு மணிக்குச் சிப்பாய்கள் ஐந்து பேரையும் சரளைக் குழியில் புதைத்தார்கள். ரஹீமின் முகத்தை கிப்லா பக்கம், மக்கா இருக்கும் திசைக்கு, திருப்பிவைக்க நினைத்தேன். எந்தத் திசை என்று தெரியவில்லை. உலகத்தில் எங்கே நிற்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது.

மறுநாள் மீன்பிடிப் படகில் எங்களை ஏற்றி அனுப்பினார்கள். ஊர் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு வேறு சண்டை.

கொடி நட்ட நாடு, தீவு அமைதியாக இருக்கிறது, அங்கே சண்டையே நடக்கவில்லை என்றது. குண்டு போட்ட நாடு, எங்கள் மண்ணில் அந்நியத் தொழிலாளர் யாரும் இல்லை, இல்லாதவர்கள் எப்படிச் சாவார்கள் என்றது. நம் ஊர் அரசு அலுவலகத்தில் ஒருவர் இறப்புச் சான்றிதழ்ப் பாரத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "இறந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கு சார். எந்தப் பேரை எழுதினாலும் நாளைக்கு ஒரு நாட்டுலேர்ந்து லெட்டர் வரும்." ஒன்பது மாதம் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. மேசையைத் தட்டிக் கத்தினேன். தண்ணீர் குடிங்க சார் என்றார்கள்.

கடைசியில் எல்லோருக்கும் பிடித்த ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்கள். இறந்த இடம்: நடுக்கடல். கூட இருந்தவன் என்று நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைக்கும். இல்லையென்றால் ரஹீம் காணாமல் போனவன். இறந்ததாக ஏற்க ஏழு வருடம் காத்திருக்க வேண்டும்.

பாரத்தை எடுத்துக்கொண்டு கரையான்சாவடி போனேன். மெயின் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் வீடு. ரஹீமின் மனைவி ஷமீனா படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"புருசன் செத்ததுக்கு நான் இத்தா இருந்து முடிச்சிட்டேண்ணே. நீங்க சொன்ன அந்த வியாழக்கெழமைலேர்ந்து நாலு மாசம் பத்து நாள் எண்ணி முடிச்சிட்டேன். கவர்மென்டுக்கு அவரு இன்னும் சாவல."

இறந்த இடம் என்ற வரியில் விரலை வைத்தாள்.

"அவருக்கு நீச்சல் தெரியாதுண்ணே. வாப்பா கடல்ல எதுக்கு எறங்குனாருன்னு பொண்ணு கேப்பாளே. இன்னா சொல்லுவேன்?"

"கிழிச்சிடட்டுமாம்மா?"

பாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"வாணாண்ணே. ஏழு வருசம் என்னால முடியாது. கையெழுத்தப் போட்டுடுங்க. ஆனா நடந்தத நீங்களே உங்க கைப்பட எழுதிக் குடுங்க. அவளுக்குப் படிக்கத் தெரியும்."

போட்டேன். என் கையால் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டேன். போடவைத்த இரண்டு நாடுகளையும் ஒரு மேசையையும் சாகும்வரை ஏசுவேன். ரஹீமின் மகளே, இது உனக்கு. அவர்கள் எழுதாத கணக்கு இது.

போனது என் இடது காது. மகேஷின் வலது கால். எஸ்டேட் வேலை, ஏனென்றால் சைரன் ஊதினால் நான் இன்றும் தரையில் படுத்துவிடுகிறேன்.

வரிசையில் முதல், பெருமாள், பாரம் தூக்கிக் கட்டும் ரிக்கர், அயனம்பாக்கம். இரண்டாவது, உன் வாப்பா ரஹீம், கேஸ் கட்டர், கரையான்சாவடி. நான்காவது, ஜான், ஃபிட்டர், ஆவடி. ஐந்தாவது, வேலு, பெயின்டர், அம்பத்தூர். ஆறாவது, சதீஷ், ஹெல்பர், பூந்தமல்லி.

மூன்றாவது இடம் காலி. அது என்னுடையது. உன் வாப்பா எனக்காகப் பிடித்து வைத்திருந்தான்.

ஐந்து பேரும் செத்தது தரையில். நான் பார்த்தேன்.